சிம்சோனின் பட்டினி

திருத்தணி மலையடிவாரத்து லாட்ஜ் ஒன்றில் அறை சுத்தம் செய்யும் பெண்களுக்கு மேற்பார்வையாளர் யூனிஸ். ஆட்கள் மறந்துவிட்டுப் போகும் பொருட்களைப் பதினொரு வருஷமாகப் பார்த்து வருகிறாள். சார்ஜர், சீப்பு, ஒற்றைக் கொலுசு, ஒருமுறை முழுசாக ஒரு பல்செட். ஆனால் ஏப்ரல் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, 206ஆம் அறைக் குளியலறையில் இருந்த ஷூ டப்பா தானாக நகர்ந்தது.

மூடியில் பேனாவால் குத்திய நாலு ஓட்டைகள். திறந்து பார்த்தால் ஒன்றரை அடி நீளத்தில், மணல் நிறத்தில், விலாவின் இரண்டு பக்கமும் முள் வரிசையோடு ஒன்று படுத்திருந்தது. கழுத்தடியிலும் முட்கள், தாடி மாதிரி. அது யூனிஸைப் பார்த்தது. வலது கையைத் தூக்கி, காற்றில் மெதுவாக ஒரு வட்டம் போட்டு, கீழே வைத்தது.

கூட வந்த சினேகா துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடிப்போய் லிஃப்டுக்குள் நின்றுகொண்டாள். யூனிஸ் ஓடவில்லை.

"வணக்கம் சொல்லுதுடி," என்றாள். மரியாதைக்குத் தானும் கையைத் தூக்கினாள்.

அறையில் தங்கியிருந்தவரின் போன் அணைந்திருந்தது. மேனேஜர் வளவன், தான் நாற்காலியிலிருந்து காலைக் கீழே இறக்கப்போவதில்லை என்று சொல்லிவிட்டு, போனில் தேடித் தேடி, சென்னைப் பக்கம் ஊர்வனவற்றை மீட்டு வளர்க்கும் ஒரு காப்பகத்தைப் பிடித்தார். அங்கிருந்து தேவகி என்ற பெண் பேசினாள்.

"அது ஆஸ்திரேலியா ஓணான்ங்க. தாடி ஓணான்னு சொல்வாங்க, கடிக்காது. எங்க வண்டி ஊர்ல இல்ல, அடுத்த சனிக்கிழமை வந்து எடுத்துக்கறேன். அதுவரைக்கும் வச்சுக்க முடியுமா? காலை வெயில்ல விடுங்க. கீரை, பூ குடுங்க, வெட்டுக்கிளி கெடைச்சா அதுவும் குடுங்க. சாப்பிட்டுகிட்டே இருந்தா கவலையில்ல."

எட்டு நாள்தானே என்று யூனிஸ் டப்பாவை வீட்டுக்கு எடுத்து வந்தாள். அவள் கணவன் கிங்ஸ்லி மலைப்பாதையில் ஆட்டோ ஓட்டுபவன். பழைய டிவி அட்டைப்பெட்டியைத் தேடி எடுத்து, அதில் செய்தித்தாள் விரித்து, ஓணானை இறக்கிவிட்டு, சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான்.

"இன்னா தாடி! இன்னா தோள்! பைபிள்ல வர்ற பலசாலி மாதிரியே கீறான். இதுக்குப் பேரு சிம்சோன்தான்."

அடுத்த வீடு சுப்புரத்தினத்துடையது. மலைக்கோயில் மடைப்பள்ளியில் சமைப்பவர். அவர் அப்பாவும் தாத்தாவும் அங்கேதான் சமைத்தார்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவு சுவர். அதன் மேல் சாய்ந்துகொண்டு அவரும் அவர் மனைவி காமுவும் எட்டிப் பார்த்தார்கள்.

"இதுக்குப் போயி பேரு வேறயா நைனா," என்றார் சுப்புரத்தினம். ஓணான் அவரைப் பார்த்தும் கையைத் தூக்கி வட்டம் போட்டது. அவர் முகம் இளகிவிட்டது. "நல்லா வளத்துருக்கானுங்க. மருவாதி தெரியுது."

சனிக்கிழமை சிம்சோன் எதுவும் சாப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் சாப்பிடவில்லை. யூனிஸ் வைத்த முருங்கைக்கீரை வாடிச் சுருண்டது. கிங்ஸ்லி பிடித்து வந்த வெட்டுக்கிளி சிம்சோனின் தலைமேலேயே ஏறி உட்கார்ந்து மீசையைத் தடவிக்கொண்டது. அதற்குக்கூட சிம்சோன் கண்ணை மூடிக்கொண்டதே தவிர வாயைத் திறக்கவில்லை.

யூனிஸ் தேவகியைப் போனில் கூப்பிட்டாள். "புது இடம்ங்க, பயந்திருக்கும். இன்னும் ரெண்டு மூணு நாள் பாருங்க," என்றாள் அவள்.

சர்ச்சிலிருந்து வந்ததும் கிங்ஸ்லி வெள்ளைச் சட்டையோடு பெட்டிக்கு முன்னால் குந்திக்கொண்டான். "வெள்ளிக்கிழமையில இருந்து உபவாச ஜெபத்துல கீறான் போல."

"எங்க மலைக்கு கிருத்திகை விரதம் இருந்து வர்றவங்களே ராத்திரி பாலும் பழமும் சாப்புட்டுடுவாங்க," என்றார் சுவருக்கு அந்தப் பக்கம் சுப்புரத்தினம். "உனுக்குக் குடுக்கத் தெரியல. புழுவும் பூச்சியும் காட்டினா எவன் சாப்புடுவான்? நல்ல எளசான கீரையா, நறுக்கி, கூட ஒரு பூ வச்சி, ஒரு அழகா வைக்கணும்."

"சாமி, இது ஓணான். உங்க பொங்கலுக்கு க்யூல நிக்கற பக்தர் இல்ல."

"என் கையால வச்சா சாப்புடும்."

"என் வெட்டுக்கிளிய தின்னுட்டுத்தான் உங்க கீரைய மோந்து பாக்கும்."

பேச்சு வளர்ந்து பந்தயத்தில் போய் நின்றது. யார் வைத்த சாப்பாட்டை சிம்சோன் முதலில் சாப்பிடுகிறதோ அவர் வென்றவர். தோற்றவர் ஒரு மாதம் வென்றவர் வீட்டுக்கும் சேர்த்துத் தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்க வேண்டும். இரண்டு வீட்டிலும் இதுநாள் வரை தண்ணீர் பிடித்தது யூனிஸும் காமுவும்தான் என்பது இருவருக்கும் நினைவில்லை. காமு யூனிஸைப் பார்த்தாள். யூனிஸ் காமுவைப் பார்த்தாள்.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் போட்டியில் அனல் பறந்தது. சுப்புரத்தினம் மலையிலிருந்து இறங்கியதும் சட்டையைக் கூடக் கழற்றாமல் அரிவாள்மணையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். கீரையை நூல் நூலாக அரிந்தார். பரங்கிக்காயைத் துருவினார். நடுவில் தன் வீட்டுச் செம்பருத்திப் பூ ஒன்றை வைத்து, தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். கிங்ஸ்லி மலைச்சரிவுப் புல்லில் ஆட்டோவை ஓரம் கட்டிவிட்டு, சவாரி வந்தவர்களையும் இறக்கிவிட்டு வெட்டுக்கிளி பிடித்தான். ஒரு ஆந்திரா குடும்பம், இதுவும் ஏதோ வேண்டுதல் என்று நினைத்து, ஆளுக்கு இரண்டு பிடித்துக் கொடுத்துவிட்டுப் போனதாம்.

சிம்சோன் இரண்டு பேருக்கும் கையைத் தூக்கிக் காட்டியது. இரண்டு பேர் சாப்பாட்டையும் தொடவில்லை.

புதன்கிழமை காலை யூனிஸ் பாத்திரம் கழுவப் பின்பக்கம் போனபோது, கிங்ஸ்லி சுவர்மேல் ஏறிக் குப்புறத் தொங்கிக்கொண்டு சுப்புரத்தினத்தின் செம்பருத்திச் செடியில் பூப் பறித்துக்கொண்டிருந்தான்.

"இன்னா பண்றீங்க?"

கிங்ஸ்லி பூவைச் சட்டைப் பைக்குள் திணித்தான். "செடியில பூச்சி இருக்குதான்னு பாத்தேன்."

"பூச்சி பாக்கறதுக்கு மொட்டு மலரு எல்லாம் ஏன் பறிக்கறீங்க?"

"சத்தம் போடாத. சாமி எழுந்துக்கப் போறாரு. நாலு நாளாச்சி யூனிஸு, ஒரு வாய் துண்ணல. பூவாவது துண்ணட்டுமே." அவன் முகத்தில் பந்தயத்தைக் காணோம். யூனிஸ் பாத்திரம் கழுவப் போனாள்.

அன்று மதியம் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து காமு கூப்பிட்டாள். சிரிப்பை அடக்கி அடக்கி அவள் கண்ணில் தண்ணீர் நின்றது.

"அக்கா, எங்க வீட்டுக்காரர் வெத்தல டப்பாவத் தொறந்தேன். உள்ளேர்ந்து வெட்டுக்கிளி எகிறி என் ஜாக்கெட்டு மேல குந்திச்சி! பொறந்ததுலேர்ந்து முட்டைகூடத் தொடாத மனுசன். இன்னாங்க இதுன்னு கேட்டா, படிக்கட்டு ஓரமா சும்மா நின்னுகினு இருந்துதாம், இவரு சும்மா புடிச்சாராம். 'நான் கொல்லலியே காமு, டப்பாவுல உக்கார வச்சிகினு வந்தேன். சாப்புட்டா அது ஓணானோட பாவம்'னு சொல்றாரு."

யூனிஸ் செம்பருத்தி சங்கதியைச் சொன்னாள். இருவரும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் காமு சுவர் தாண்டி வந்து பெட்டியை எட்டிப் பார்த்தாள்.

சிம்சோன் அட்டைப்பெட்டியின் மூலையைப் பிராண்டிக்கொண்டிருந்தது. முன்னங்கால் இரண்டாலும் மாற்றி மாற்றி வறட் வறட்டென்று. கொஞ்ச நேரம் பிராண்டிவிட்டு அடுத்த மூலைக்குப் போனது. அங்கேயும் பிராண்டியது. செய்தித்தாள் துண்டு துண்டாகக் கிழிந்து கிடந்தது.

"நேத்துலேர்ந்து இதே வேலை," என்றாள் யூனிஸ். "வெளிய போவணும்னு பாக்குது பாவம்."

"நாலு நாளா சாப்புடலன்னா இளைக்கணும் இல்ல அக்கா? இது வயிறு ஏன் இப்படி இருக்குது?"

யூனிஸ் அதை மெல்லத் தூக்கினாள். ஒட்டிப்போயிருக்க வேண்டிய வயிறு இரண்டு பக்கமும் உப்பியிருந்தது. தோலுக்கு அடியில் மேடு மேடாக, சுருக்குப்பையில் கோலிக்குண்டு போட்டுக் கட்டியது மாதிரி. யூனிஸின் அம்மா பள்ளிப்பட்டில் கோழி வளர்த்தவள். மூலை மூலையாக இடம் தேடுவது, தீனி மறுப்பது, ஓரிடத்தில் நிற்காமல் தவிப்பது எல்லாம் யூனிஸ் சின்ன வயதில் நூறு தடவை பார்த்தது. அவள் ஓணானைத் திருப்பி அதன் முகத்தைப் பார்த்தாள்.

"அடிப்பாவி," என்றாள். "நீ சிம்சோன் இல்லியா?"

வயிற்றைப் படம் எடுத்து தேவகிக்கு அனுப்பினார்கள். இரண்டே நிமிஷத்தில் போன் வந்தது.

"அய்யோ, முட்டைங்க! அதனாலதான் சாப்பிடல. தோண்டறதுக்கு மண்ணு இல்லாம அடக்கி வச்சிருக்கு, ரொம்ப நாள் அப்படி வச்சிருந்தா உயிருக்கே ஆபத்து. ஒரு பெரிய டப்புல ஒரு அடி ஆழத்துக்கு ஈர மணல் போடுங்க. கையால புடிச்சா உருண்டையா நிக்கணும், அந்த அளவு ஈரம். கதகதப்பான, அமைதியான இடமா வைங்க. முக்கியமா, யாரும் பக்கத்துல நின்னு பாக்கக் கூடாது. ஆள் பாத்தா போடாது."

போனை வைத்ததும் இருவருக்கும் ஒரே கவலை வந்தது.

"இவுங்க ரெண்டு பேருகிட்ட சொன்னா?" என்றாள் காமு.

"ஆளுக்கு ஒரு ஸ்டூல் போட்டு உக்காந்துக்குவாங்க."

"எத்தினி முட்டை வரும்னு அதுக்கும் ஒரு பந்தயம் கட்டுவாங்க."

"அப்ப சொல்ல வேணாம்."

அடுத்த தெருவில் வீடு கட்டும் இடத்தில் கேட்டு மணல் வாங்கி வந்து, துணி ஊறவைக்கும் பெரிய நீல டப்பில் கொட்டி, தண்ணீர் தெளித்துப் பிசைந்தார்கள். காமு வீட்டுப் பின்கட்டில் தகரக் கூரை போட்ட சாமான் அறை ஒன்று உண்டு. பகலெல்லாம் வெயிலைக் குடித்து இதமாகச் சுடும். டப்பை அங்கே வைத்து ஓணானை இறக்கிவிட்டார்கள். அது மணலை நாக்கால் தொட்டுப் பார்த்தது. தலையை நிமிர்த்தி இரண்டு பெண்களையும் பார்த்தது. அவர்கள் கதவைச் சாத்திவிட்டு வந்தார்கள்.

மிச்சமிருந்தது அட்டைப்பெட்டி. அதைக் காலியாக வைத்தால் ஆண்கள் கேள்வி கேட்பார்கள். யூனிஸ் குளியலறையிலிருந்து, முதுகு தேய்க்க வைத்திருந்த முழுப் பீர்க்கங்காய் நாரை எடுத்து வந்து, மேல் தோலோடு அப்படியே பெட்டிக்குள் படுக்க வைத்தாள். மேலே போர்வையைப் போட்டு மூடினாள்.

மாலையில் வந்த கிங்ஸ்லியிடம் சட்டம் சொல்லப்பட்டது. "தேவகி மேடம் போன் பண்ணாங்க. அதுக்கு மனசு பயந்து போயிருக்குதாம். யாரும் மொகத்தைக் காட்டக் கூடாது. போர்வைக்கு அடியில கைய மட்டும் விட்டு சாப்பாடு வச்சிட்டு நகந்துடணும்." சுப்புரத்தினத்துக்கு அதே சட்டத்தைக் காமு சொன்னாள்.

வியாழக்கிழமை மதியம் சுப்புரத்தினம் தட்டோடு வந்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு போர்வைக்கு அடியில் கையை நுழைத்தார். விரல் பீர்க்கங்காய் நாரில் பட்டது.

"அம்மாடி! முள்ளு இன்னும் நல்லா வெறப்பா இருக்குது," என்றார் பூரிப்போடு. "உடம்புல தெம்பு வந்துடுச்சி."

அவர் போனதும் காமு அந்தக் கீரையையும் பரங்கித் துருவலையும் எடுத்துப் போய்ப் பயத்தம்பருப்பு போட்டுக் கூட்டு செய்தாள். அன்றைக்கு இரண்டாவது தடவை சோறு வாங்கிச் சாப்பிட்ட சுப்புரத்தினம், கூட்டு பிரமாதம் என்றார். கிங்ஸ்லி விட்ட மூன்று வெட்டுக்கிளிகளை யூனிஸ் பிடித்துக் கொல்லைப்பக்கம் விட்டாள்.

இருட்டியதும் இருவரும் தாங்கள் வைத்ததைத் தடவிப் பார்த்தார்கள். இரண்டும் காலி.

தெருவே கேட்கும்படி கிங்ஸ்லி கத்தினான். "தின்னுட்டான்! மூணையும் தின்னுட்டான்!"

"மூணு பூச்சி தின்னுதோ இல்லியோ, என் தட்டுல ஒரு துருவல்கூட மிச்சம் இல்ல. வந்து பாரு!" என்று சுப்புரத்தினம் தட்டைத் திருப்பிக் காட்டினார்.

"என்னுது மொதல்ல."

"என்னுது மதியானமே காலி. நீ வச்சது சாயங்காலம்."

"சாமி, நீங்க வச்சத அவன் ஊறுகா மாதிரி தொட்டுகினு இருப்பான்."

வாக்குவாதம் முற்றி, மறுநாள் காலை எல்லார் முன்னாலும் போர்வையை எடுத்துவிட்டு ஒரே நேரத்தில் இரண்டு தட்டையும் வைப்பது என்று முடிவாயிற்று. யூனிஸும் காமுவும் அன்றைக்குச் சுவர் பக்கமே வரவில்லை. முகத்தைப் பார்த்தால் சிரித்துவிடுவோம் என்று பயந்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை கிங்ஸ்லி வலது பக்கம், சுப்புரத்தினம் இடது பக்கம். இருவர் கையிலும் தட்டு. கிங்ஸ்லி போர்வையைச் சரக்கென்று உருவினான்.

பெட்டியின் நடுவில் பீர்க்கங்காய் காய்ந்து, சுருங்கி, பழுப்பேறிக் கிடந்தது.

சுப்புரத்தினம் ஒரு அடி பின்வாங்கினார். "காஞ்சே பூட்டுதே நைனா!" என்றார். தட்டு அவர் கையிலிருந்து சாய்ந்து கீரையெல்லாம் கொட்டியது. "ஒரே நாள்ல இப்படியா காயும்? வாலுகூட இல்லியே!"

கிங்ஸ்லி குனிந்தான். தொட்டான். முகர்ந்தான். அப்புறம் மெதுவாகத் திரும்பினான். "யூனிஸு, இது நம்ம வீட்டு முதுகு தேக்கற நாரு."

வாசல்படியில் யூனிஸும் காமுவும் ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்துகொண்டு குலுங்கினார்கள். கையைக் காட்டி, பின்னால் வரச் சொல்லி, சாமான் அறைக்குக் கூட்டிப்போனார்கள்.

விடிந்ததும் அவர்கள் ஏற்கெனவே ஒருமுறை பார்த்துவிட்டார்கள். டப்பின் மணல் ஒரு பக்கம் தோண்டி மூடப்பட்டு, தலையால் முட்டி முட்டி இறுக்கப்பட்டிருந்தது. அதன் மேல் ஓணான் தட்டையாகப் படுத்திருந்தது. மூக்கெல்லாம் மணல். வயிறு துணிப்பை மாதிரி தொங்கிப்போயிருந்தது. யூனிஸ் ஒரு விரலால் மணலை விலக்கினாள். உள்ளே வெள்ளை வெள்ளையாக, கட்டைவிரல் நுனி அளவில், அடுக்கடுக்காக முட்டைகள். பத்தொன்பது.

கிங்ஸ்லி விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். "சிம்சோன் முட்டை போட்டானா?"

"போட்டாங்க," என்றாள் யூனிஸ். "அவங்களுக்கு இப்ப பசிக்குது. ஓரமா நில்லுங்க."

அவள் விரலில் தண்ணீரைத் தொட்டு அதன் வாய் நுனியில் வைத்தாள். நாக்கு வெளியே வந்தது. ஒரு சொட்டு, இரண்டு சொட்டு, பத்து சொட்டு. கிங்ஸ்லி சட்டைப் பையிலிருந்து அன்று காலையும் திருடி வைத்திருந்த செம்பருத்தியை எடுத்து நீட்டினான். ஓணான் கழுத்தைச் சாய்த்துப் பூவைப் பார்த்தது. திடீரென்று பாய்ந்து ஒரே கவ்வலில் பாதிப் பூவைப் பிய்த்தது.

"துண்ணுச்சி!" கிங்ஸ்லி குதித்தான். "என் கையால!"

"பூ எங்க வீட்டுச் செடிது!" என்றார் சுப்புரத்தினம். சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. "டேய், அது உன் பையில எப்படி வந்துது?"

"உங்க வெத்தல டப்பாவுல வெட்டுக்கிளி எப்படி வந்துதோ அப்படி."

சுப்புரத்தினம் காமுவைப் பார்த்தார். காமு கூரையைப் பார்த்தாள். "கை அவருது, பூ நம்முளுது," என்றாள். "ரெண்டு பேரும் ஜெயிக்கல, ரெண்டு பேரும் தோத்தீங்க. ரெண்டு பேருமா சேர்ந்து ஒரு மாசம் ரெண்டு வீட்டுக்கும் தண்ணி புடிங்க."

ஆண்கள் அந்தக் கணக்கைச் சரிபார்க்கும் நிலையில் இல்லை. ஓணான் மீதிப் பூவையும் தின்றுவிட்டு, தலையைத் திருப்பித் தேடிக்கொண்டிருந்தது. கிங்ஸ்லி ஓடிப்போய் வெட்டுக்கிளி கொண்டு வந்தான். அதைத் தின்றது. சுப்புரத்தினம் கொட்டிய கீரையில் சுத்தமானதைப் பொறுக்கிக் கழுவி எடுத்து வந்து, இடுப்பு வேட்டியை மடித்துக்கொண்டு டப்புக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அதையும் தின்றது. தாடையில் கீரை ஒட்டிக்கொண்டிருக்க, கண்ணை மூடி மூடி மென்றது.

"மலையில தெனம் எத்தினியோ பேருக்குப் பொங்கறேன்," என்றார் சுப்புரத்தினம் தாழ்ந்த குரலில். "சட்டியத் தூக்கி வெளிய அனுப்பறதோட சரி. ஒருத்தர் சாப்புடறத நின்னு பாத்ததில்ல." அவர் இன்னொரு கிள்ளு கீரையை நீட்டினார். யூனிஸ் காமுவின் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தாள்.

சனிக்கிழமை தேவகி காரில் வந்தாள். ஒல்லியான பெண், கை நிறையக் கீறல் தழும்புகள். ஓணானைத் தூக்கி, வாய் பார்த்து, வயிறு தடவி, எடை பார்த்துத் தலையாட்டினாள். முட்டைகள் பொரிக்காது என்றாள். ஆண் துணை இல்லாமலும் இவை முட்டை போடுமாம். சுப்புரத்தினம் அதற்கு மட்டும் கொஞ்ச நேரம் முகம் வாடி நின்றார். காரின் பின்சீட்டில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த ஓணான், கார் கிளம்பும்போது கையைத் தூக்கியது. நாலு பேரும் தெருவில் நின்று கையைத் தூக்கினார்கள்.

மூன்று வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு, கோயில் மேலாளரிடம் சுப்புரத்தினம் லீவு கேட்டார். அவர் லீவு கேட்டே யாரும் பார்த்ததில்லை. காரணம் கேட்டதற்கு, "சென்னையில பொண்ணு ஒண்ணு பெத்துட்டுக் கெடக்குது, பாத்துட்டு வரேன்," என்றாராம். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் அவருக்குப் பிள்ளை இல்லை என்பது தெரிந்த மேலாளர், மறுபேச்சுப் பேசாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு நாள் முழுக்க யோசித்துக்கொண்டிருந்தாராம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாலு பேரும் காலை மின்சார ரயிலில் ஏறினார்கள். சுப்புரத்தினம் மடியில் எவர்சில்வர் தூக்கு, அதில் ஈரத்துணி சுற்றிய கீரையும் பூவும். எதிரில் கிங்ஸ்லி, அவன் மடியில் மூடியில் ஓட்டை போட்ட ஹார்லிக்ஸ் பாட்டில், உள்ளே முப்பது வெட்டுக்கிளி. அரக்கோணத்தில் கூட்டம் ஏறியது. இடித்த இடியில் பாட்டில் உருண்டது. யாரோ ஒருவர் நல்ல மனதோடு குனிந்து எடுத்து, மூடி லூசாக இருக்கிறதே என்று திருகிப் பார்த்தார்.

முதலில் ஒரு கல்லூரிப் பெண் அலறினாள். அப்புறம் பெட்டி முழுக்கக் கால்கள் சீட்டின் மேல் ஏறின. ஒரு பெரியவர் வழுக்கைத் தலையில் ஒன்று, பூக்காரியின் கூடைக்குள் ஆறேழு, ஜன்னல் கம்பியில் வரிசையாக நாலு. கிங்ஸ்லி நாலு கால் பாய்ச்சலில் சீட்டுக்கு அடியில் புகுந்தான். பிறந்ததிலிருந்து முட்டையைத் தொடாத சுப்புரத்தினம் வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு, "நசுக்கிடாதீங்கம்மா, நசுக்கிடாதீங்க, பத்தியக்காரிக்குக் கொண்டு போறோம்!" என்று இரண்டு கையாலும் பொத்திப் பொத்திப் பிடித்தார்.

"யாருங்க இவங்க ரெண்டு பேரும்?" என்று பக்கத்தில் நின்ற அம்மாள் காமுவைக் கேட்டாள்.

"தெரியலீங்க," என்றாள் காமு. "திருத்தணியில ஏறினாங்க."

யூனிஸ் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். திருவள்ளூர் வருவதற்குள் இருபத்தொன்று பிடித்துவிட்டார்கள்.